டிஎன்சியை எங்கே செருகுவது: மைக் சாக்கெட்டா, பின்பக்க டேட்டா சாக்கெட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அமெச்சூர் ரேடியோ செட்டான யாயேசு எஃப்டி-857-ல், கணினித் தரவை ஒலியாகவும் வரும் ஒலியைத் தரவாகவும் மாற்றும் பழைய டிஎன்சி பெட்டி ஒன்றை இரண்டு வழியிலும் மாட்டி ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது அது பின்பக்க டேட்டா சாக்கெட்டில் இருக்கிறது. நான் அந்தக் கட்சிதான்.

மைக் வழிக்கும் நியாயம் உண்டு. மைக் சாக்கெட் இல்லாத செட் அரிது. டேட்டா சாக்கெட் இல்லாத பழைய செட்டுகளுக்கு அதுதான் கதி. டிஎன்சியின் ஒலியும் பிடிடியும் (செட்டை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சிக்னல்) மைக் பிளக் வழியே போகும், கேட்கும் ஒலி இயர்போன் துளையிலிருந்து வரும். பேச்சொலியை அழுத்தித் தூக்கும் ஸ்பீச் கம்ப்ரஸரை மட்டும் மறக்காமல் அணைக்க வேண்டும்.

சிக்கல் ஒலியளவில்தான். இயர்போன் துளையில் வரும் ஒலி வால்யூம் குமிழுக்குக் கட்டுப்பட்டது. ஹாலில் சீரியல் பார்க்கும் அத்தை, "டேய், அந்தக் கீச்சுச் சத்தத்தைக் குறைடா" என்பார். குறைத்தால் டிஎன்சிக்குக் காது அடைத்துவிடும். எச்எஃப்-ல் (தொலைதூரம் போகும் சிற்றலையில்) இது சின்ன விஷயமில்லை. 300 பாட் வேகத்தில் ஓடும் ஏஎக்ஸ்.25 என்ற பாக்கெட் நெறிமுறைக்குப் பிழை திருத்தம் கிடையாது. ஒரு பிட் தப்பினாலும் முழு ஃபிரேமும் (தரவுப் பொட்டலமும்) குப்பைக்குப் போகும், எதிர்முனை மறுபடி அனுப்ப வேண்டும். சிக்னல் மங்கலும் இரைச்சலும் ஏற்கெனவே பாதியைத் தின்றுவிடுகின்றன. அதற்குமேல் நம் பங்குக்கும் கெடுக்க வேண்டுமா?

டேட்டா சாக்கெட்டில் வரும் ஒலி வால்யூம் குமிழைத் திருப்பினாலும் மாறாது. ஆறு முள் மினி டின் அது: 1-ல் ஒலி உள்ளே, 2 எர்த், 3 பிடிடி, 5-ல் ஒலி வெளியே. 4-ஆம் முள் 9600 பாட் வேகத்துக்கானது, அதைத் தொட வேண்டாம். 'பிகேடி' (பாக்கெட்) என்ற பெயரைப் பார்த்து அந்த மோடைப் போட்டுவிடாதீர்கள்; அது எஃப்எம் பாக்கெட்டுக்கு. எச்எஃப்-க்கு 'டிஐஜி' (டிஜிட்டல்) மோடில் யூசர்-எல் என்ற தேர்வு. பிறகு சின்ன ஸ்குரூ டிரைவரால் டிஎன்சியின் டிரிம்மரை (ஒலியளவுத் திருகை) மெதுவாகத் திருப்பி, ஒலி மிகையானால் காட்டும் ஏஎல்சி மீட்டர் அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். ஒருமுறை வைத்தால் அப்படியே நிற்கும். எங்கள் ஊரில் மாலை இடி இடித்தால் எல்லா ஒயரையும் கழற்றிப் போட்டாக வேண்டும்; மழை விட்டதும் மறுபடி செருகினால் போதும், அளவு பார்க்கும் வேலை இல்லை. மைக் வழியில் அந்தச் சடங்கு ஒவ்வொரு முறையும் உண்டு. பேச ஆசை வந்தால் பிளக்கையும் மாற்ற வேண்டும்.

குறையும் உண்டு. மினி டின்னில் சோல்டர் வைப்பது எரிச்சலான வேலை. சூடு கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். ரெடிமேட் கேபிளை வாங்கி ஒரு முனையை வெட்டிக்கொள்வது மேல். வேறு சில செட்டுகளில் பின்பக்கத்திலிருந்து பிடிடி விழுந்தாலும் முன் மைக் திறந்தே இருக்கும், சேவல் கூவுவதும் சேர்ந்து போகும். அங்கே மைக்கைக் கழற்றி வையுங்கள். ஹம் (மின் ரீங்காரம்) வந்தால் இரண்டு வழிக்கும் ஒரே மருந்து, நடுவில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

ஐகாம் 7300 மாதிரி யுஎஸ்பி உள்ளேயே இருக்கும் செட்டுகளில் டிஎன்சியே தேவையில்லை, கணினியில் ஒரு சவுண்ட் மோடெம் மென்பொருள் போதும். நண்பர் வீட்டில் ஒரு மாலை தொட்டுப் பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் கணினியின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மெயில் வந்த 'டிங்'கும் 20 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பாகும்.