சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு பக்கெற் ட்ரேசர் போதுமா?

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, வலையமைப்புத் துறையில் முதல் வேலையைத் தேடும் யாழ்ப்பாணத்துப் பட்டதாரிக்கு வலையமைப்புச் சாதனங்களைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழ் நல்லதொரு நுழைவாயில். ஆனால் அதன் பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. இன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 90,000 ரூபாவாகும் அத்தொகையை, சம்பளம் எடுக்கத் தொடங்காத ஒருவர் வீட்டில் இரண்டாவது தடவையும் கேட்பது இலகுவானதல்ல. எனவே பரீட்சைக்கு முன்னரான பயிற்சியை எதில் செய்வது என்பது முக்கியமான கேள்வி. சாதனங்கள் இல்லாமலேயே கணினித் திரையில் வலையமைப்புகளை அமைத்துப் பழக சிஸ்கோ இலவசமாக வழங்கும் பக்கெற் ட்ரேசர் என்ற மென்பொருளை அந்தக் கேள்வியோடு வைத்தே இங்கு மதிப்பிடுகின்றேன்.

சிஸ்கோ வலையமைப்புக் கல்விக்கழகத்தின் இணையத்தளத்தில் கணக்கொன்றைத் திறந்தால் இதனைத் தரவிறக்கலாம். விண்டோஸ், மக், உபுண்டு ஆகிய மூன்று கணினி இயங்குதளங்களிலும் இயங்கும். 4 ஜி.பி. நினைவகமுள்ள பழைய மடிக்கணினியே போதுமானது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது என்பதால், நண்பர்களோடு கோப்புகளைப் பரிமாறுபவர்கள் எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருப்பது நல்லது.

இதன் உண்மையான பெறுமதி சிமுலேஷன் நிலையில் இருக்கின்றது. வலையமைப்புத் தொடர்பாடலை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் பரீட்சைத் தாளில் பிழையின்றி எழுதிய பலருக்கு, வேறொரு வலையமைப்பிலுள்ள கணினிக்கு அனுப்பும் முதல் பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) ஏன் தவறி, அடுத்தவை ஏன் போய்ச் சேருகின்றன என்று கேட்டால் விடை வருவதில்லை. சிமுலேஷன் நிலையில் ஒவ்வொரு தரவுப் பொதியையும் ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்கலாம். கணினி முதலில் தன் கேட்வேயின் (வேறு வலையமைப்புகளுக்கு வழிவிடும் ரவுட்டரின்) மக் முகவரியை, அதாவது வன்பொருள் முகவரியை, கேட்டு ஏ.ஆர்.பி. என்னும் கோரிக்கையை அனுப்புகின்றது, கணினிகளை ஒன்றிணைக்கும் சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர்த்து மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரப்புகின்றது, உரியவர் அல்லாத கணினிகள் அதைக் கைவிடுவது கண்முன்னே தெரிகின்றது. பின்னர் பிங் பொதி ரவுட்டரை அடையும்போது, சேரிடத்தின் மக் முகவரி ரவுட்டருக்கும் தெரியாததால், அது அந்தப் பொதியைக் கைவிட்டுவிட்டுத் தானும் ஓர் ஏ.ஆர்.பி. கோரிக்கையை அனுப்புகின்றது. முதல் பிங் தவறுவதன் காரணம் அதுதான். பொதியின் மீது சொடுக்கினால் எந்த அடுக்கில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதும் எழுத்தில் வருகின்றது. விரிவுரைக் குறிப்புகளில் பல பக்கங்கள் விளக்கியும் பிடிபடாத விடயம் இதில் சில நிமிடங்களில் பிடிபடுவதை நான் பலரிடம் கண்டிருக்கின்றேன்.

பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பதற்கும் இது மிக ஏற்றது. இரண்டு சுவிட்சுகளுக்கு இடையிலான ட்ரங்க் இணைப்பில் (பல விலான்களை, அதாவது ஒரே சுவிட்சில் பிரித்த தனித்தனி வலையமைப்புகளை, ஏற்றிச்செல்லும் இணைப்பில்) அடையாளமிடாத பொதிகள் சேரும் நேட்டிவ் விலானை இருபுறமும் வேறுபடுத்தி வைத்தால், கன்சோலில் அயல் சாதனங்களை அறியும் சி.டி.பி.யின் எச்சரிக்கை தொடர்ந்து வரும். கேபிளை இணைத்தவுடன் செம்மஞ்சளாக இருக்கும் புள்ளி ஏறத்தாழ 30 வினாடிகள் கழித்தே பச்சையாகின்றது. அந்தத் தாமதம், சுவிட்சுகளுக்கிடையே பொதிகள் சுழன்றுகொண்டிருக்காமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயின் செவிமடுக்கும் நிலைக்கும் கற்கும் நிலைக்கும் தலா 15 வினாடிகள் செல்வதால் ஏற்படுகின்றது. ரவுட்டரின் மின்விசையை அணைக்காமல் புதிய மொடியூலைச் செருக முடியாது. அமைப்பைச் சேமிக்காமல் அணைத்தாலோ தட்டச்சு செய்த கட்டளைகள் போய்விடும். மின்தடைக்குப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சேமிக்கும் பழக்கத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கணினிக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும்போது மென்பொருள் பழைய வகுப்புமுறைப்படி சப்நெட் மாஸ்க்கை (முகவரியில் வலையமைப்பைக் குறிக்கும் பகுதி எதுவெனக் காட்டும் எண்ணை) தானாகவே நிரப்பிவிடுகின்றது. 10 இல் தொடங்கும் முகவரிக்கு 255.0.0.0 என்று வந்து நிற்பதைக் கவனிக்காது விடும் மாணவர், தான் கணித்த /27 (மாஸ்க் 255.255.255.224) வலையமைப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று நெடுநேரம் தேடுவார். சப்நெட் கணக்கைத் தாளில் கையால் செய்து பழகுவதற்கு மாற்று எதுவுமில்லை. கன்ஃபிக் பகுதியில் பெட்டிகளை நிரப்பி ரவுட்டரை அமைக்கும் வசதியும் பரீட்சைக்குத் தயாராகுபவருக்குத் தீங்கானதென்றே கருதுகின்றேன். கட்டளைகளைக் கையால் தட்டச்சு செய்தே பழக வேண்டும். தயார்நிலைப் பயிற்சிக் கோப்புகள் காட்டும் நூற்றுவீதத்தையும் அதிகம் நம்பக்கூடாது, ஏனெனில் அறிவுறுத்தல்களை வரிக்கு வரி பின்பற்றினால் எதுவும் விளங்காமலே நூறை எட்டிவிடலாம்.

இது சிஸ்கோவின் உண்மையான இயங்குதளம் அல்ல, அதைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள் மட்டுமே. ஆகவே சில கட்டளைகள் இதில் இல்லை. சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்திற்குள் நிற்கும்வரை இக்குறை பெரிதாகத் தாக்காது. ஆனால் பரீட்சையின் 10 வீதத்தைப் பிடிக்கும் தன்னியக்கமாக்கல் பகுதியில், 2024 ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சேர்க்கப்பட்ட, அமைப்புகளை நிரல்வழி உருவாக்கும் கருவியான டெராஃபோர்ம் போன்றவற்றை வேறிடத்தில்தான் படிக்க வேண்டும். உண்மையான இயங்குதளத்தைத் தொட விரும்புபவருக்கு சிஸ்கோ மொடலிங் லாப்ஸ் என்ற மென்பொருளின் ஐந்து சாதனங்கள் வரையிலான இலவசப் பதிப்பு உண்டு. அதற்கு இதைவிடப் பலமான கணினி வேண்டும்.

உயர்தரம் வரை தமிழ்மொழியில் படித்த எம்மவருக்கு இன்னொன்றும் உண்டு. பரீட்சை தமிழில் இல்லை, நேரம் 120 நிமிடங்கள், கடந்துபோன வினாவுக்குத் திரும்பவும் முடியாது. எனவே கட்டளைகளின் வெளியீட்டை ஆங்கிலத்தில் விரைவாக வாசித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியையும் இந்த மென்பொருளிலேயே சேர்த்துப் பெற வேண்டும்.

பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன், வெறும் திரையிலிருந்து தொடங்கி, மூன்று விலான்கள், ட்ரங்க், ஓ.எஸ்.பி.எஃப். (ரவுட்டர்கள் பாதைகளை அறியும் முறை), டி.எச்.சி.பி. (ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் முறை), நாட் (முகவரியை மாற்றும் முறை), அணுகல் பட்டியல் (எந்தப் பொதியை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) ஆகியவற்றோடு ஒரு வலையமைப்பைக் குறிப்புகள் பாராமல் அமையுங்கள். பிறகு அந்தக் கோப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் மூன்று இடங்களில் பிழை வைக்கச் சொல்லுங்கள். சாதனத்தின் அமைப்பையும் நிலையையும் காட்டும் ஷோ கட்டளைகளை மாத்திரம் கொண்டு அம்மூன்றையும் கண்டுபிடிக்க முடிந்தால், பரீட்சைத் திகதியைப் பதிவு செய்யலாம்.