புதன்கிழமை ஊசிக்கு எங்கே போகலாம்? எங்கள் வார்டு சுகாதார நிலையம் பற்றி

சேலத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போடுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரனுக்கு ஒன்றரை மாச ஊசி, இரண்டரை மாச ஊசி இரண்டும் எங்கள் வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். நான் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். குறை கண்டுபிடிப்பது தொழிலோடு வந்த பழக்கம், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ஊசி நாள். கூட்டம் பிதுங்கும். பத்து மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாத பெண்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். பால் கொடுக்க ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஒன்பது மணிக்கு முன்பே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் அங்கே போனோம்? முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குத்தான் போனோம். ஏ.சி., மீன் தொட்டி எல்லாம் இருந்தது. விலைப்பட்டியலை அச்சடித்தே கையில் கொடுத்தார்கள். அதில் ‘வலி இல்லாத ஊசி’ என்று தனி வரிசை, விலை ஆயிரக்கணக்கில். சாதாரண ஊசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மாப்பிள்ளை கேட்டார். “அது பெட்டர் சார்” என்றார் அங்கிருந்த பெண். அவ்வளவுதான் பதில். சாதாரண ஊசியில் கக்குவான் இருமல் கிருமியைக் கொன்று முழுசாகச் சேர்க்கிறார்கள், அதனால் காய்ச்சலும் வீக்கமும் கொஞ்சம் கூடுதல். மற்றதில் கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் தேய்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். காசு வாங்குகிற இடத்தில் அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் தயக்கம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறார். “ஊசியால ஆட்டிசம் வருதாம் அத்தை” என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டினார். சம்பந்தியம்மாவுக்கு வேறு கவலை: கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியிருக்கிறது, பிள்ளை உடம்பில் ஊசி குத்தக் கூடாது. இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டே போனேன்.

நர்ஸம்மா வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கூட்டம் குறையட்டும் என்று எங்களை ஓரமாக உட்காரவைத்து, பதினொன்றரைக்கு மேல் வந்து, “இப்ப சொல்லுங்க சார், எது பயமா இருக்கு?” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை முழுசாகப் பேசி முடிக்கும்வரை குறுக்கே எதுவும் சொல்லவில்லை. அப்புறம், “இதுல சொல்றது தட்டம்மை ஊசியைப் பத்தி சார். இப்பப் போடப் போறது பெண்டா, அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடற ஊசி, அது வேற. அம்மை ஊசி ஒன்பதாம் மாசம்தான். அதைப் பத்திச் சொன்னதும் பொய்னு ஆயிடுச்சு” என்றார். சரியான பதில். அந்தப் புரளிக்கு மூலமான கட்டுரை 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஆராய்ந்தும் அம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இந்தக் கணக்கை நான் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை காதில் ஏறவில்லை. மாமியார் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

அவரை மாற்றியது அடுத்து வந்த பேச்சு. “ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வரலாம். தொடை வீங்கும், பிள்ளை அழும். ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு என்று எடையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, எது நடந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தால், நடுராத்திரி அடித்த காய்ச்சலே அந்த வீடியோவுக்குச் சாட்சியாகியிருக்கும். இரண்டாவது ஊசிக்கு மாப்பிள்ளை வந்திருக்க மாட்டார். முதல் பெண்டா போட்டவர்களில் எத்தனை பேர் மூன்றாவதுக்கு வரவில்லை என்று பொது சுகாதாரத் துறையில் தனியாகவே கணக்கு எடுக்கிறார்கள். அப்படி நின்றுபோகிறவர்களில் சிலராவது இந்த ஒரு ராத்திரியில் நின்றவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சம்பந்தியம்மாவிடம் வாதமே இல்லை. “பண்டிகை முடியட்டும்மா, அடுத்த புதன் வாங்க. ஒரு வாரம் தள்ளலாம், மாசக்கணக்கா தள்ளக் கூடாது” என்று தேதியைக் கார்டில் குறித்துவிட்டார். அடுத்த புதன் எங்களுக்கு முன்பே கிளம்பி நின்றவர் சம்பந்தியம்மாதான்.

2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டது நினைவிருக்கும். வாட்ஸ்அப் புரளியால் பாதி வகுப்பு காலியாக இருந்தது. முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் பெற்றோருக்குப் போனது ஒரு வரிச் சுற்றறிக்கை மட்டும். கேள்வி கேட்க ஒரு ஆளை உட்காரவைத்திருந்தால் பாதிப் பேராவது பிள்ளையை அனுப்பியிருப்பார்கள்.

ஊசி போட்டதும் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்பது அரசு விதி: எந்த ஊசி எந்த நோய்க்கு; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; கார்டைப் பத்திரமாக வைத்து மறுமுறை கொண்டுவர வேண்டும். இங்கே நான்கும் சொன்னார்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார். லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து சூடுபட்டுக் கெடவில்லை என்று அர்த்தம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

தடுப்பூசித் தயக்கத்தை ஆராய்கிறவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள்: நமக்கு வராது என்ற அலட்சியம், நம்பிக்கைக் குறைவு, போய்வரும் சிரமம். முதல் இரண்டுக்கும் இந்த நர்ஸம்மா ஒருவரே போதும். மூன்றாவதுக்கு நாலு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் வேண்டும், அதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் நின்ற பெண்ணுக்கு எந்தப் புரளியும் தேவையில்லை, கால்வலியே அவளை வரவிடாது.

மூன்றரை மாச ஊசியும் இங்கேதான். அதற்குப் பிறகு மகள் பெங்களூர் போய்விடுவாள். கார்டு அங்கேயும் செல்லும். ஒன்பதாம் மாசம் அம்மை ஊசி வரும்போது மாப்பிள்ளைக்கு அந்த வீடியோ மறுபடி ஞாபகம் வரும். அங்கே உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் சரி, இல்லையென்றால் ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுச் சேலத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.