கார் சரி, ஊசிதான் வடமோடி ஆடியது

மாரி தொடங்கினால் என் 1970 எம்ஜி பி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், கரண்டை வெட்டிப் பொறி பிறக்கவைக்கும் பொயின்ட்ஸ் கறுத்துப்போகும். சான்ட் பேப்பரால் தேய்த்து, 0.015 அங்குல இடைவெளி வைத்துவைத்தே அலுத்துவிட்டது.

அதனால் பொயின்ட்ஸுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரோனிக் கிட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்தேன். பழையதைக் கழற்றிய இடத்தில் சின்ன மொடியூல், றோட்டருக்குக் கீழே காந்த வளையம், பொறிக்கு வோல்டேஜை ஏற்றும் கொயிலுக்கு இரண்டு வயர். ஒரு பின்னேரத்து வேலை. வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்: 1967 வரை வந்த எம்ஜி பி-களில் பற்றரியின் பொசிட்டிவ்தான் எர்த், அதாவது கார் பொடியோடு இணைந்த பக்கம், அதற்குக் கிட் வேறு.

மறுநாள் மழையிலும் முதல் தரமே பிடித்தது. ஐட்லிங்கில் இருந்த நடுக்கமும் போய்விட்டது.

ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டெக்கோ மீற்றர்! ஊசி 3000இலிருந்து 5000க்குத் தாவும், பூச்சியத்தில் விழும், திரும்ப எழும்பும். வடமோடிக் கூத்தேதான். கிட்டோடு வந்த தாளில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை, எனக்குக் கோபம் அதில்தான். அந்தக் காலத்து ஸ்மித்ஸ் மீற்றர், கொயிலுக்குப் போகும் கரண்ட் வெட்டுப்படுவதை வயர் வளையம் ஒன்றால் எண்ணுகிறது. பொயின்ட்ஸ் வெட்டும் விதம் அதற்குப் பழக்கம், மொடியூல் வெட்டும் விதம் பிடிபடவில்லை.

கராஜில் வேறு மீற்றர் போடச் சொன்னார்கள். மனம் வரவில்லை. பழைய ரேடியோ திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். முகப்பையும் ஊசியையும் தொடாமல், கொயிலின் நெகடிவில் வரும் வோல்டேஜை எண்ணும் சின்ன எலக்ட்ரோனிக் போர்ட் ஒன்றை உள்ளே வைத்தார். அளவு பார்த்த விதம்தான் அழகு. வீட்டுக் கரண்டை ட்ரான்ஸ்போமரால் குறைத்துக் கொடுத்தார். அது செக்கனுக்கு 50 தரம் துடிக்கும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. அப்படியென்றால் செக்கனுக்கு 25 சுற்று, நிமிடத்துக்கு 1500, ஊசி 1500இல் நிற்கவேண்டும். நிற்கும்வரை திருகினார். "கரண்ட் போகாட்டி இதைவிட நல்ல அளவுகோல் இல்ல தம்பி" என்றார்.

கல்முனை வரை ஓடிப் பார்த்தேன், ஊசி மரியாதையாக ஏறி இறங்கியது. கிட் வாங்குபவர்கள் மீற்றர் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு இக்னிஷன் சுவிட்சைப் போட்டபடி பாட்டுக் கேட்காதீர்கள், மொடியூல் சூடாகிக் கருகிவிடும். பழைய பொயின்ட்ஸும் கொண்டென்சரும் இன்னும் என் டேஷ்போர்ட் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.