1.5 டிசிஐ, 1.6 ஹெச்டிஐ: காற்று வழியிலும் புகை வழியிலும் எந்தப் பாகம் எது?

பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட ரெயூனியன் தீவில் பழைய டீசல் கார் தேடுகிறவர் கண்ணில் அடிக்கடி படுபவை இரண்டு எஞ்சின்கள். ரெனோ, டாசியா கார்களில் 1461 சிசி 1.5 டிசிஐ, பெஜோ, சித்ரோயன் கார்களில் 1560 சிசி 1.6 ஹெச்டிஐ. ஃபோர்டு இதே 1.6 எஞ்சினை டிடிசிஐ என்ற பெயரில் விற்றது. பாகங்களை அடையாளம் காண எளிய வழி, காற்று போகும் திசையிலேயே போவது: ஃபில்டர் பெட்டி, காற்று அளவி, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், வழியைத் திறந்து மூடும் காற்றுத் தட்டு, கடைசியாகச் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டு.

ஃபில்டரை விட்டு வெளிவரும் பிளாஸ்டிக் குழாயில் செருகியிருப்பதுதான் காற்று அளவி. டர்போவுக்குப் பிறகு சின்னதாகத் திருகியிருப்பது அழுத்த சென்சார். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: முன்னது காற்றின் நிறையை அளக்கிறது, பின்னது டர்போ தரும் அழுத்தத்தை.

டிசிஐயில் இந்த வழி எளிது. 65 குதிரைத்திறன் கிளியோவில் இன்டர்கூலரே கிடையாது, தேடி அலைய வேண்டாம். ஹெச்டிஐயில் மேனிஃபோல்டு தனியாகத் தெரியாது. சிலிண்டர் ஹெட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியோடு சேர்ந்தே வருகிறது. 110 குதிரைத்திறன் வகையில் காற்றுத் தட்டுகள் இரண்டு: ஒன்று இன்டர்கூலர் வழியாக வரும் காற்றுக்கு, மற்றது அதைத் தாண்டி நேரே வரும் சூடான காற்றுக்கு. இந்தத் தட்டை ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி விடும் வால்வு) என்று நினைத்துக் கழற்றுகிறவர்கள் உண்டு, ஏனென்றால் இரண்டிலும் மோட்டாரும் மின்கம்பிச் செருகியும் இருக்கின்றன. வேறுபாடு குழாயில் இருக்கிறது. ஈஜிஆரோடு புகை வரும் இரும்புக் குழாய் சேரும், பல வகைகளில் கூலன்ட் ஓடும் குளிர்விப்பானும் பக்கத்திலேயே இருக்கும். தட்டுக்கு வருவது காற்றுக் குழாய் மட்டுமே.

அதிகமாகப் பணம் வீணாவது எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் பி0401 கோளாறு எண்ணில்தான். ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்பது அதன் பொருள். உடனே வால்வை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் வால்வு திறந்ததா என்பதைக் கம்ப்யூட்டர் காற்று அளவியை வைத்தும் கணிக்கிறது: புகை உள்ளே வந்தால் புதுக் காற்று குறைய வேண்டும். அளவி அழுக்கேறித் தவறாகக் காட்டினால் பழி வால்வின் மேல் விழும். கடலோரத்தில் நிற்கும் கார்களில் செருகியின் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்பதையும் முதலில் பாருங்கள். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் கேஸ்கெட் புதிது போடுங்கள், கரியைக் கரைக்கும் திரவம் மோட்டார் பக்கம் போகாமல் வால்வைச் சாய்த்துப் பிடியுங்கள்.

பி0299 வேறு கதை: டர்போ அழுத்தம் குறைவு. சிலாவோஸ் மலைப்பாதை ஏற்றத்தில் கார் திணறிக் கரும்புகை விட்டால் இன்டர்கூலர் குழாய் மூட்டுகளை விரலால் தடவுங்கள். எண்ணெய் ஈரம் பிசுபிசுத்தால் காற்று அங்கேதான் கசிகிறது.

அடுத்தது ஃபாப், அதாவது புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிப்பான். புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வெறும் கேட்டலிஸ்டா, ஃபாப்பா என்று அறிய ஒரே ஒரு அடையாளம் போதும்: வடிப்பானுக்கு முன்னும் பின்னுமிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் அழுத்த வேறுபாட்டு சென்சாருக்குப் போகும். அவை வெடித்தாலோ அடைத்தாலோ நல்ல ஃபாப்பும் கெட்டதாகத் தெரியும். ஃபாப் உள்ள ஹெச்டிஐயில் டீசலோடு கலக்கும் சேர்மத்துக்குத் தனித் தொட்டி உண்டு. அதன் உதவியால் ஃபாப்பில் சேர்ந்த கரி ஏறத்தாழ 450 டிகிரியிலேயே எரிந்துவிடும். சேர்மம் இல்லாத டிசிஐக்கு 550 முதல் 600 வரை வேண்டும். சேந்தாந்த்ரேவிலிருந்து சேன்-தெனிக்கு நெரிசலில் ஊர்கிறவருக்கு ஹெச்டிஐ இதில் மேல், ஆனால் சேர்மம் தீர்ந்தால் செலவு. டிசிஐ வைத்திருப்பவர் 2009-இல் திறந்த தமரின் சாலையில் அவ்வப்போது நிற்காமல் ஓட்டட்டும், எஞ்சின் எண்ணெய் மட்டம் ஏறுகிறதா என்றும் பார்க்கட்டும். கரி எரிப்பு பாதியில் நின்றால் டீசல் எண்ணெயில் கலந்துவிடும். ஃபாப்பைக் குடைந்து காலியாக்கித் தருகிறோம் என்பவரை நம்பாதீர்கள்: பிரெஞ்சுச் சட்டப்படி 7500 யூரோ வரை அபராதம், கொந்த்ரோல் டெக்னிக் என்னும் கட்டாய வாகனப் பரிசோதனையிலும் சிக்கும்.

காரைத் தானே பழுதுபார்க்கிறவருக்கு டிசிஐயைத்தான் சொல்வோம். ஹெச்டிஐ வாங்கினால் மேல் மூடியைக் கழற்றி டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியில் தார் போன்ற கருப்புப் பசை இருக்கிறதா பாருங்கள். இன்ஜெக்டரின் செம்பு வாஷர் கசிந்தால் கரி எண்ணெயில் இறங்கி டர்போவுக்குப் போகும் எண்ணெய் வழியை அடைக்கும். அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.