வண்ணாரப்பேட்டைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த லா ஃபாலட்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைக் கடந்து ஒரு சந்துக்குள் திரும்பினால், பெயர்ப்பலகையே இல்லாத பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட கைடுகளுக்கு அடியில் கிடந்த ஓர் ஆங்கில வாழ்க்கை வரலாற்றைச் சென்ற மாதம் அங்கே 120 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையும் தலைப்புப் பக்கமும் கிழிந்து போயிருந்ததால் நூலின் பெயரையோ எழுதியவரையோ சொல்ல வழியில்லை. எழுதப்பட்டவர் மட்டும் தெளிவு: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசியல்வாதி ராபர்ட் லா ஃபாலட் (1855–1925).

நூலின் முற்பகுதி விறுவிறுப்பானது. 1891இல், தம் மைத்துனர் நீதிபதியாக இருந்த வழக்கு ஒன்றில், மர வணிகத்தில் செல்வம் குவித்த கட்சித் தலைவர் பிலிட்டஸ் சாயர் தமக்குப் பணம் கொடுக்க முயன்றதாக லா ஃபாலட் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார், சாயர் மறுத்தார். சொந்தக் கட்சியையே பகைத்துக்கொண்ட அவர், 1896இலும் 1898இலும் ஆளுநர் பதவிக்கான கட்சி வேட்பாளராகும் வாய்ப்பை இழந்து, 1900இல்தான் தேர்தலில் வென்றார். கட்சி வேட்பாளரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை, ரயில் நிறுவனங்களின் சொத்து மதிப்புக்கேற்ற வரி, ரயில் கட்டணத்தைக் கண்காணிக்க ஆணையம் என்று அவர் செய்தவற்றை ஆசிரியர் பல அத்தியாயங்களுக்கு விரித்திருக்கிறார். ரயில் கட்டணக் கணக்குகளை நான் பாதியில் தாண்டிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் குறை வேறு. செனட்டராக அவர் முன்னின்று நிறைவேற்றிய 1915ஆம் ஆண்டின் மாலுமிகள் சட்டத்துக்கு நூலில் நான்கே பக்கங்கள். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்துவிட்டு ராயபுரத்தில் குடியிருக்கும் எனக்கு அந்த நான்கு பக்கங்களே மீதி நூலைவிடப் பெரிதாகத் தெரிந்தன. அதுவரை வணிகக் கப்பலில் ஒப்பந்தக் காலம் முடியும் முன்னே வேலையை விட்டு இறங்கிய மாலுமியைப் பிடித்துச் சிறையில் அடைக்க முடிந்தது. அந்தச் சட்டம் அதை நீக்கியது. வழியில் சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகத்தில் அதுவரை சேர்ந்த கூலியில் பாதியைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்தது. டைட்டானிக் மூழ்கிய பிறகு எழுந்த அச்சத்தால், உயிர்காப்புப் படகுகளுக்கும் விதிகள் வந்தன. ஆனால் கப்பலின் ஒவ்வொரு பிரிவிலும் முக்கால் பங்குப் பணியாளர்கள் அதிகாரிகளின் கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற விதி, பாதுகாப்பை முன்னிட்டது என்று சொல்லப்பட்டாலும், குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசிய மாலுமிகளை விலக்கும் நோக்கமும் கொண்டிருந்தது. சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் போராடிய மாலுமிகள் சங்கத் தலைவர் ஆண்ட்ரூ ஃபுருசெத் அந்த நோக்கத்தை மறைத்ததில்லை. ஆசிரியரோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நம் பக்கத்துக் கடற்கரைகளிலிருந்து கப்பலேறியவர்களின் கண்ணால் பார்த்தால், விலங்கை அவிழ்த்த கையே கதவையும் சாத்தியிருக்கிறது.

1917 ஏப்ரலில், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கான போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த ஆறு செனட்டர்களில் அவரும் ஒருவர். துரோகி என்று தூற்றப்பட்டதும், செனட்டிலிருந்து நீக்க நடந்த விசாரணை 1919இல் கைவிடப்பட்டதும் உணர்ச்சி மிகாமல் சொல்லப்பட்டுள்ளன. நூலின் சிறந்த பகுதி இதுவே.

அதன் பிறகு 1924 குடியரசுத் தலைவர் தேர்தல் வரவேண்டும். மூன்றாவது அணியாக நின்று, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றும், தம் விஸ்கான்சினை மட்டுமே வென்ற அந்தக் கதை இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு பக்கங்களைக் காணோம். திரும்பப் போய்க் காட்டினேன். கடைக்காரர் மறுபேச்சின்றி அறுபது ரூபாயைத் திருப்பித் தந்து, “புக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்” என்றார். விலை நியாயம், பேச்சு மரியாதை. ஆனால் வாங்கும் முன் பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. மாலையில் போனால் உள்ளே ஒருவருக்கு மேல் நிற்க இடமில்லை.