லிவர்பூலில் ஒரு நாள்: நல்ல வெளிச்சத்தை எதற்குக் கொடுப்பது?

கேமராவோடு லிவர்பூலில் இறங்கினால் நாலு இடங்கள் போட்டிக்கு நிற்கும்: இரண்டு பேராலயங்கள், ஆல்பர்ட் டாக் என்ற பழைய கப்பல்துறை, கிராஸ்பி கடற்கரையின் இரும்பு மனிதர்கள். நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் மாலை வெளிச்சம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

பேராலயங்கள் இரண்டும் ஹோப் தெருவின் இரு முனைகளில் இருக்கின்றன. தென்முனையில் இருக்கும் ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். 1904-இல் தொடங்கிய வேலை 1978-இல்தான் முடிந்தது. 189 மீட்டர் நீளம் என்பதால் வெளியிலிருந்து எந்த லென்ஸிலும் லேசில் அடங்காது. கிழக்கே பள்ளத்தில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் காலையில் இறங்கி நின்று பாருங்கள், செந்நிறக் கல் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும். உள்ளே பெரிய மேற்குச் சன்னலுக்குக் கீழே கலைஞர் டிரேசி எமினின் இளஞ்சிவப்பு நியான் எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள்.

வடமுனையில் இருப்பது 1967-இல் திறந்த வட்டமான கத்தோலிக்கப் பேராலயம். இதன் அழகு முழுக்க உள்ளேதான். ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸும் செய்த வண்ணக் கண்ணாடிகளால் கூடம் முழுக்க நீலம் பரவியிருக்கும். கேமராவைத் தானாக அளக்க விட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, கண்ணாடிக்கு ஏற்ப வைத்துவிட்டு, மற்றதை இருட்டிலேயே விடுங்கள். வெளிப்புறத்துக்கு ஆங்கிலிக்கன், உட்புறத்துக்குக் கத்தோலிக்கம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நடுப்பகல் கடும் வெயிலை உள்ளே கழித்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

1846-இல் திறந்த ஆல்பர்ட் டாக்கில் சிவப்பு வார்ப்பிரும்புத் தூண்கள் அசையாத தண்ணீரில் அப்படியே தெரியும். அழகுதான், ஆனால் எல்லோரிடமும் இருக்கும் படம் அது. பிற்பகலில் ரயிலேறி ஆற்றின் அக்கரைக்கு, ஹாமில்டன் ஸ்கொயருக்குப் போய்க் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்க, லைவர் கட்டடமும் துறைமுகமும் ஒளியில் குளித்து நிற்கும்.

மாலையை நான் கிராஸ்பிக்குத்தான் கொடுப்பேன். ஆன்டனி கோர்ம்லி தன் உடலையே அச்செடுத்து வார்த்த 100 உருவங்கள் சுமார் 3 கிலோமீட்டர் கரையில் கடலைப் பார்த்து நிற்கின்றன. கிட்டே போனால் துருவேறிய கால்களில் கொட்டலசு என்ற சிறு கடலுயிர்கள் ஒட்டியிருக்கும். ஓதம் ஏறினால் பல உருவங்கள் மூழ்கிவிடும், அதனால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வற்றும் நேரத்தில் போங்கள். தூரத்து உருவங்களை நெருங்கவே வேண்டாம். சேறு காலை இழுக்கும், தண்ணீரும் வேகமாகத் திரும்பும். அதற்கு ஜூம் லென்ஸ் போதும்.

பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட பிரிட்டன் சட்டம் இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் ஓவியரிடம் அனுமதி கேளுங்கள்.

சூரியன் மறையும்போது ஓதம் ஏறியிருக்கும் நாள் என்றால், காலையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கிராஸ்பிக்குப் போய்விட்டு மாலையை டாக்குக்குக் கொடுங்கள். காலை வெயிலில் அந்த இரும்பு முதுகுகளின் துரு நிறம் நன்றாக எழும்பும்.