ஹட்டன் பக்கம் ஒரு கிளினிக் நாள்: சீபீ பிள்ளைகளுக்கு இலங்கை மலையகத்தில் என்ன கிடைக்கிறது

இந்த முறை ஊருக்குப் போனதே தம்பி மகளுக்காகத்தான். ஏழு வயது. பிறந்ததும் அழவில்லை, மூச்சு வரத் தாமதமாகி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிப் பிழைத்து வந்தவள். மூளை முடக்குவாதம், எல்லோரும் சொல்வதுபோல் சீபீ. கை கால் நான்கும் இறுக்கம், தானாக உட்கார மாட்டாள், பேச்சு இல்லை. ஒரு வயது நிறையும் முன்பே பிட்ஸும், அதாவது வலிப்பும், தொடங்கிவிட்டது. தம்பி கொழும்பில் கடை வேலை, அவன் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிறாள், பிள்ளை பகல் முழுக்க எங்கள் அம்மாவிடம். நான் லண்டனில் விசேட பாடசாலை ஒன்றில் உதவியாளர். அதனால் அக்கா வந்து எல்லாம் பார்த்துச் சொல்லும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் எடுபடவில்லை.

கிளினிக் நாளில் இருட்டோடு எழும்ப வேண்டும். மேல் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீதிக்கு வரப் படியும் ஒற்றையடிப் பாதையும்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்த காலம் போய், இப்போது முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அப்புறம் ஆட்டோ, அப்புறம் பஸ், அப்புறம் நம்பர் எடுக்க வரிசை. "மாசத்துக்கு ஒருக்கா போவோம் அண்ணி, துண்டு எழுதித் தருவாங்க, மருந்து வாங்கிட்டு வந்துருவோம்" என்றாள் தம்பி மனைவி. அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை, வேலைக்கு வந்த கணக்கில் சேராது. ஒரு நாள் சம்பளம் போச்சு.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பார்த்த டொக்டர் இளம் சிங்களப் பெண், தமிழும் கொஞ்சம் பேசினார், பிள்ளையைத் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பார்த்ததற்கும் மருந்துக்கும் ஒரு சதம் வாங்கவில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, போன மாதம் எத்தனை பிட்ஸ் என்பது. "இடைக்கிடை வருது" என்பதுதான் பதில். யாரும் எண்ணுவதில்லை. எண்ணக்கூடிய ஒரே ஆள் அம்மா, அவர் கிளினிக்குக்கு வருவதில்லை. எடையும் அப்படித்தான். பிட்ஸ் மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. எழுந்து நிற்க முடியாத பிள்ளை என்பதால் நிறுக்காமலே விட்டிருக்கிறார்கள், கொப்பியில் பழைய எடைதான். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறினால் கழித்துப் பார்த்துவிடலாம். அன்றைக்கு நாங்கள் கேட்டதும் அப்படித்தான் நிறுத்தார்கள். இத்தனை நாளும் ஏன் செய்யவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது வீட்டில் தெரியவந்தது. முழு உடம்பும் வெட்டி வெட்டி இழுத்தால்தான் அம்மாவுக்கு அது வலிப்பு. கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, கூப்பிட்டால் திரும்பாமல், வாய் மட்டும் மெல்வதுபோல் அசைவதை "சொக்கிப் போறா" என்று விட்டுவிடுகிறார். அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். டொக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவும் பிட்ஸாக இருக்கலாம் என்று சொல்லி, ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுக்கப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தார். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். தூங்கி எழுந்த கையோடு தலையைக் குனிந்து கையை விரித்து அடுக்கடுக்காகத் திடுக்கிட்டால், வயிற்று வலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அது குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், அதில் நாள் கடத்தக்கூடாது.

சீபீ உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு வலிப்பு, 2 பேரில் ஒருவருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது உலக அளவில் உள்ள கணக்கு. நான்கு கை காலும் பாதித்து நடக்க முடியாத பிள்ளைகளில் இரண்டும் இன்னும் அதிகம், பல நேரம் சேர்ந்தே வரும். மூளையில் பட்ட அதே அடிதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஆனால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறது. பிட்ஸ் வந்தால் பிள்ளை மணிக்கணக்கில் தூங்கும். பினோபாபிடோன் போன்ற மருந்திலும் மயக்கம் இருக்கும். பேச வராது, விரலால் காட்டவும் வராது. இப்படி அரைத்தூக்கத்தில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து, "இதுக்கு ஒண்ணும் வெளங்காது" என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. என் கண்ணுக்கு அவளுக்கும் குறைபாடு இருக்கிறது, இல்லை என்று ஆறுதல் சொல்ல வரவில்லை. ஆனால் எவ்வளவு என்று இந்த ஏழு வருடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. காலையில் தாய் கூடையை எடுத்ததும் உதடு பிதுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையையும் பாயையும் காட்டி எது வேண்டும் என்றால், கண் கோப்பைக்குப் போய் அங்கேயே நிற்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் எங்கள் பாடசாலையில் பாடமே தொடங்குவோம்.

இங்கே பாடம் எங்கே? தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடம்) ஆயா ஒருத்திதான், பிட்ஸ் உள்ள பிள்ளையை எடுக்கப் பயம். டவுனில் ஒரு பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறது, "நடக்கிற பிள்ளைன்னா பார்க்கலாம்" என்றார்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் நாட்டில் 1996இல் இருந்து இருக்கிறது, அதே உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையையும் 2016இல் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. படி ஏறி அந்த லயத்துக்கு இரண்டும் வந்து சேரவில்லை.

மருந்து விஷயம்தான் எனக்கு அதிகப் பயம் தந்தது. பிட்ஸுக்கான பாணி மருந்து (சிரப்) முடிந்துவிட்டது, வெளியே வாங்குங்கள் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இதே மருந்துக்குக் கண்டி வரை அலைந்த வீடு இது. பாணி இல்லாத மாதங்களில் மாத்திரையை இடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வல்ப்ரோவேட் என்ற பிட்ஸ் மருந்தில் மெதுவாகக் கரையும் மாத்திரை வகையை இடிக்கவே கூடாது, கொடுக்கும் முன் பார்மசியில் கேட்க வேண்டும். பிட்ஸ் மருந்தைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் ஆபத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் வீதி வரைதான். அதற்கு மேல் தூக்குகிற கால்தான். இரும்பைக் கையில் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். அவர்கள்தான் முதலில் பழகிக்கொண்டார்கள்.

நம்மவர்கள் அனுப்புகிற சக்கர நாற்காலி பற்றியும் சொல்லத்தான் வேண்டும். யாரோ புண்ணியவான் தந்தது, பெரிய ஆள் சைஸ். பிள்ளை அதில் ஒரு பக்கம் சரிந்து விழும், லயத்தில் அதைத் திருப்ப இடமும் இல்லை. இப்போது அதில் விறகு இருக்கிறது. ஆஸ்பத்திரி பிசியோ ஒரு தாளில் அளவு வரைந்து கொடுத்ததை வைத்து டவுன் தச்சர் பலகையில் சின்ன நாற்காலி செய்தார், தலைக்குத் தாங்கல், முன்னால் தட்டு, நெஞ்சுக்குப் பட்டி. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழலுக்குள் போவது குறையும், அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலும் குறையும். உதவ நினைக்கிறவர்கள் இப்படியான நாற்காலிக்குக் கொடுக்கலாம், அல்லது கிளினிக் நாளின் ஆட்டோ காசையும் போகிற சம்பளத்தையும் கொடுக்கலாம்.

சுவரில் தொங்கும் கலண்டரில் அம்மா இப்போது குறிக்கிறார். பெரிய பிட்ஸுக்குப் பெருக்கல் குறி, சொக்கலுக்குப் புள்ளி. எழுதத் தெரியாது, ஆனால் ஒன்று விடுவதில்லை. பேராதனைக்குப் போகிற அன்று அம்மாவும் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், முழங்கால் வலியோடு யோசிக்கிறார். சிங்களம் தெரிந்த தம்பி கடையில் லீவு கேட்டிருக்கிறான். கலண்டர் தாள், வீடியோ உள்ள பழைய போன், மருந்துத் துண்டுகள், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.